கடைமடை இணையம்

மழை பெய்தால் டவர் இணையம் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பும் விஷயம். மன்னார்குடிக்குத் தெற்கே தொடங்கி திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் வரை சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்குக் கம்பியில்லா முறையில் இணைய இணைப்புக் கொடுப்பது என் தொழில். புதிதாக இணைப்புக் கேட்டு வருகிறவர்கள் வேகத்தை விசாரிப்பதற்கு முன்பே, “மழைக்குத் தாங்குமா தம்பி?” என்றுதான் கேட்பார்கள். தாங்காமல் நிற்கிற நாட்கள் உண்டு. ஆனால் அந்தப் பழியை மழைமேல் போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

நாங்கள் புழங்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய துளியால் இந்த அலையைப் பெரிதாகத் தொந்தரவு செய்ய முடியாது. நல்ல மழையிலும் கிலோமீட்டருக்கு அரை டெசிபலை (சிக்னல் வலிமையை அளக்கும் அலகு) தாண்டி இழப்பு ஏற்படுவது அரிது. ஒழுங்காகத் திட்டமிட்ட இணைப்பில் 15, 20 டெசிபல் கையிருப்பு இருக்கும். மழை அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் கதை வேறு. அங்கே மழைகூட வேண்டாம், காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபல் அளவுக்கு விழுங்கிவிடும். ஒரு தெருவுக்குள் அது அருமையான கருவி. வயல்வெளியைத் தாண்ட அதை நம்பி இறங்கக் கூடாது.

ஆகவே ஐப்பசியில் இணையம் நிற்கும்போது வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே பார்க்க வேண்டும். மின்சாரம், மரம், மண், வயலில் தேங்கிய தண்ணீர், ஆற்றுப் பாலம், எறும்பு. என் அனுபவத்தில் இணைப்பை அறுப்பது காற்றில் போகும் பகுதி அல்ல, தரையில் நிற்கும் பகுதி. டெல்டாவில் அந்தத் தரை ஆண்டு முழுவதும் ஒரே தரையாக இருப்பதில்லை என்பதுதான் தொல்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். கடலையும் ஏரியையும் தாண்டி இணைப்புக் கொடுப்பது கடினம் என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதியிருக்கும். சித்திரையில் வெடித்துக் கிடந்துவிட்டு, புரட்டாசியில் ஏரியாக மாறிவிடும் நிலத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஊர்களுக்கு இடையில் இருப்பது அந்த நிலம்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு என்று பிரிந்து, வாய்க்கால்களில் இறங்கி வயலுக்கு வந்து சேரும்போது, இரண்டு டவர்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஒரு கண்ணாடி விரித்த மாதிரி ஆகிவிடுகிறது.

அந்தக் கண்ணாடி என்ன செய்கிறது? ஒரு டிஷ்ஷிலிருந்து கிளம்பும் அலை இரண்டு வழியாக எதிர்முனைக்குப் போகிறது. ஒன்று நேராக. மற்றொன்று நடுவில் தண்ணீரில் பட்டுத் தெறித்து. தெறிக்கும்போது அலை தலைகீழாகப் புரண்டுவிடும். இரண்டும் எதிர்முனையில் சேரும்போது, தூர வித்தியாசத்தைப் பொறுத்து ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், அல்லது ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு முனையிலும் டிஷ் 20 மீட்டர் உயரத்தில், இடைத்தூரம் 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 10 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட இரண்டு அலைநீளம். அதாவது ஏறக்குறைய சரியாக அழித்துக்கொள்ளும் இடம்.

வெயில் காலத்தில் இந்த இணைப்பு குறை சொல்ல முடியாதபடி ஓடும். அறுவடை முடிந்த வயலில் தாள்கட்டையும் மண்கட்டியும் வெடிப்பும் வரப்பும் அலையைச் சிதறடித்துவிடுவதால் தெறிப்பு பலவீனமாக இருக்கும். நடவு முடிந்த வாரம் பார்க்க வேண்டும். நாற்று இன்னும் பச்சை பிடித்து எழவில்லை, தண்ணீர் தளும்ப நிற்கிறது, காற்று அசையாத விடியற்காலை. டெசிபல் கணக்கில் மைனஸ் 58 இருந்த சிக்னல் மைனஸ் 74க்கு இறங்கும், எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் தானாக மேலே வரும். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று அலையின் பாதையைக் கொஞ்சம் வளைப்பதால் அந்த 10 சென்டிமீட்டர் கணக்கு விடியலில் ஒரு மாதிரியும் மதியத்தில் ஒரு மாதிரியும் இருக்கிறது. பயிர் வளர்ந்து தண்ணீரை மூடிவிட்டால் தொல்லை தணிந்துவிடும். கருவி விற்பவரிடம் இதைச் சொன்னால் ரேடியோவை மாற்றச் சொல்வார். மாற்றினாலும் மறுநாள் விடியலில் அதே கதைதான்.

இதற்கான மருந்து கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும்: டிஷ்ஷைக் கீழே இறக்குவது. மேலே சொன்ன கணக்கில் ஒரு முனையை மட்டும் 20 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு இறக்கினால் வித்தியாசம் ஏழரை சென்டிமீட்டர் ஆகும். ஏறத்தாழ ஒன்றரை அலைநீளம். அழித்துக்கொண்டிருந்த இரண்டும் கைகொடுக்கத் தொடங்கும். என்னிடம் டவர் ஏறும் பையனை ஒரு மார்கழி விடியலில் ஏற்றிவிட்டு, கீழே கைப்பேசியில் சிக்னலைப் பார்த்துக்கொண்டு, “இறக்கு, இன்னும் ஒரு முழம் இறக்கு” என்று நான் சொல்லச் சொல்ல, பனியில் விறைத்த கையோடு அவன் கிளாம்ப்பைத் தளர்த்தித் தளர்த்தி இறக்கினான். அவன் பார்வையில் உயரம்தான் வலிமை. ஒவ்வொரு முழத்துக்கும் எண் ஏறிக்கொண்டே வந்ததைக் கேட்டுவிட்டு, “அண்ணே, அப்படியென்றால் தரையிலேயே வைத்துவிடலாமே” என்றான். அது முடியாது, ஏன் என்பதற்குத்தான் மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு வழி. ஒரு முனையை உயரமாகவும் மறுமுனையைத் தாழ்வாகவும் வைத்தால், தெறிக்கும் இடம் வயலின் நடுவிலிருந்து தாழ்ந்த முனையை நோக்கி நகர்ந்துவிடும். அங்கே ஒரு மூங்கில் கொத்தோ வைக்கோல் போரோ மாட்டுக்கொட்டகையோ இருந்தால் தெறித்த அலையை அது மறித்துவிடும், நேர் அலை அதன் மேலாகப் போய்விடும். பல ஊர்களில் எங்கள் இணைப்பைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லை மூங்கில்தான். அவருக்கு அது தெரியாது. தெரிந்தால் வாடகை கேட்பார்.

மரம் என்றால் டெல்டாவில் தென்னை. எதிர் டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், இணைப்புக் கிடைத்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அலை கோடு போட்ட மாதிரி போவதில்லை. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிப் போகிறது. 10 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அந்தப் பருமனின் ஆரம் மட்டும் 11 மீட்டருக்கு மேல். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது சுமார் 7 மீட்டர், பார்வைக் கோட்டுக்குக் கீழே வெற்றிடமாக இருக்க வேண்டும். பூமியின் வளைவு வேறு ஒன்றரை மீட்டர் தின்றுவிடும். வயல் தாழ்ந்த நிலம், அதன் மேல் நமக்கு இடம் உண்டு. ஊரைச் சுற்றித்தான் தோப்பு, ஆற்றங்கரை முழுவதும் தோப்பு. காய்ந்த ஓலை ஓரளவு வழிவிடும், நனைந்த ஓலை விடாது. மழையன்று சிக்னல் குறைவதாகச் சொல்கிறார்களே, அதில் பாதி இந்த ஈர ஓலைதான்.

2018 இந்தத் தொழிலுக்கு விசித்திரமான ஆண்டு. அந்த அக்டோபரில்தான் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் தேவையில்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதற்கு முன் எங்களைப் போன்றவர்கள் குறுகிய சந்துக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். மறு மாதம், நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. நான் அப்போது கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தேன். தெருவில் இருந்த கம்பிகள் எல்லாம் மரத்துக்கு அடியில் போயின. சில மாதங்கள் கழித்துக் கம்பியில்லா இணைப்புக்கு ஆய்வு செய்ய மொட்டைமாடிகளில் ஏறியபோது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைப்பே இல்லை. முன்பு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத இடங்களுக்கு நேர்ப்பார்வை கிடைத்தது. தலைமுறைச் சொத்தை இழந்து நிற்கும் மனிதரின் வீட்டு மாடியில் நின்றுகொண்டு, சிக்னல் நன்றாக வருகிறது என்று அவரிடமே சொல்வது சங்கடமான வேலை.

விழுந்த இடத்தில் எல்லாரும் கன்று வைத்தார்கள். 2019இல் வைத்த கன்று இப்போது காய்ப்புக்கு வரும் பருவம். அன்று திறந்த பாதைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. அதனால் இன்று புதிய இணைப்புக்கு ஆய்வு செய்யும்போது, தூரத்தையும் திசையையும் குறித்துக்கொண்ட பிறகு, நடுவில் இருக்கும் தோப்புக்காரரைத் தேடிப்போய் ஒரு கேள்வி கேட்கிறேன்: வைத்திருப்பது நெட்டையா, குட்டையா? குட்டை என்றால் நிம்மதி. ஒட்டு ரகம் என்றால் சில ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நெட்டை என்றால் அந்தத் திசையை இப்போதே மறந்துவிடுவது நல்லது. கடலோரத்தில் சவுக்கு இன்னும் மோசம், கண்ணெதிரே வளரும். ஆனால் நான்கைந்து ஆண்டில் வெட்டிவிடுவார்கள், அதற்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். எந்த மென்பொருளின் வரைபடத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது.

உயரத்துக்கு எங்களுக்குக் கிடைப்பவை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அரிசி ஆலைக் கட்டடம், ஊரில் ஒன்றிரண்டு மாடி வீடு, நாமே நிறுத்தும் முக்கோண டவர். நாமே நிறுத்துவதில் மண் ஒரு வினை. டெல்டாவின் களிமண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் வெண்ணெயாகிவிடும். டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் அடிக்கட்டை அந்த ஈரத்தில் கொஞ்சம் நகர்ந்தால் போதும், டவர் சாயாது, முறுக்கிக்கொள்ளும். 30 டிபிஐ (அலையைக் குவிக்கும் திறனின் அளவு) டிஷ்ஷின் கற்றை அகலம் 5 டிகிரி அளவுதான். மூன்று டிகிரி திரும்பிவிட்டால் சிக்னல் பாதிக்கு மேல் போய்விடும். புரட்டாசி முடிவதற்குள் எல்லா ஸ்டே கம்பிகளையும் ஒரு சுற்று இழுத்துக் கட்டிவிடுவோம். வேதாரண்யம் பக்கம் போகப் போக உப்புக்காற்று. அங்கே கிளாம்ப், போல்ட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

மின்சாரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2000களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தார்கள். நோயாளி கிராமத்தில், மருத்துவர் தேனியில், நடுவே காணொலி. வைஃபையை அவ்வளவு தூரம் ஓட்டுவதற்காக நெறிமுறையையே திருத்தி எழுதினார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதை நடத்திய பிறகு அவர்கள் கண்ட பெரிய எதிரி அலையோ நெறிமுறையோ அல்ல, மின்சாரத்தின் தரம். மின்வெட்டைவிட, ஏறி இறங்கும் வோல்டேஜ்தான் பலகைகளைக் கொன்றது, நினைவகத்தைக் கெடுத்தது. இது எனக்கு ஆறுதலான செய்தி. பெரிய பல்கலைக்கழகத்தையே படுத்திய வில்லன்தான் என்னையும் படுத்துகிறான்.

எங்கள் ஊரில் அவன் வேலை செய்யும் விதம் இப்படி. குறுவைக்கு ஆற்றுத் தண்ணீர் தாமதமானால் எல்லாரும் போர்வெல்லை நம்புவார்கள். மும்முனை மின்சாரம் வந்த நொடியில் ஏக காலத்தில் மோட்டார்கள் எழும்பும், வோல்டேஜ் தடாலென்று விழும். ரேடியோ அணையவும் இல்லை, எரியவும் இல்லை என்ற நிலையில் தவித்து, மறுபடி மறுபடி தொடங்கப் பார்க்கும். அப்படித் தொடங்கும் நடுவில் இன்னொரு வீழ்ச்சி வந்தால் உள்ளே இருக்கும் மென்பொருளே கெட்டுவிடும். சாவதானமாக அணைந்திருந்தால் பிழைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு டவரிலும் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் நடுவே, வோல்டேஜ் தாழ்ந்தால் துண்டித்துவிடும் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறேன். 24 வோல்ட் பேட்டரி 23க்கு இறங்கினால் வெட்டும். 25ஐத் தாண்டினால்தான் மறுபடி கொடுக்கும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு வோல்ட் இடைவெளி முக்கியம். அது இல்லாவிட்டால் வெட்டியவுடன் பேட்டரி கொஞ்சம் மூச்சு விட்டு எழும், பலகை இணைத்துவிடும், மறுபடி விழும், விடிய விடிய டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்வெர்ட்டர் வைத்து, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட்டாக்கி, அதை மறுபடி அடாப்டர் மூலம் 24 ஆக்குவது பலர் செய்வது. இரண்டு முறை மாற்றி இரண்டு முறை இழப்பது எதற்கு? பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் போதும். ஒரு டவரில் எல்லாமாகச் சேர்ந்து 50 வாட் இழுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 1200 வாட் மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வைத்தால் 2400. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால், கணக்குச் சரியாக ஒரு நாள். கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் வராத ஊர்கள் இருந்தன. கார்த்திகை மூட்டத்தில் சூரியத் தகடும் கைவிட்டுவிடும். அதற்கு ஒரே வழி பெட்ரோல் ஜெனரேட்டரும் அதைப் படகில் வைத்தாவது கொண்டுபோகிற ஆளும்தான்.

இடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எர்த் குழியை ஒழுங்காகப் போட வேண்டும், எல்லா உலோகத்தையும் அதோடு சேர்க்க வேண்டும், முடிந்தால் டவர் உச்சிக்கு ஈதர்நெட் கேபிளுக்குப் பதில் ஃபைபர் ஏற்ற வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மின்கம்பியும் ஃபைபரும் தனித்தனியாகப் போனால், மேலே அடி விழுந்தாலும் கீழே உள்ள ஸ்விட்ச் பிழைக்க வாய்ப்பு உண்டு. கேபிளைப் பெட்டிக்குள் நுழைக்கும்முன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட வேண்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும். இதைச் செய்யாமல் தண்ணீர் கேபிள் வழியாகவே உள்ளே இறங்கிப் பச்சை பூத்த இணைப்பிகளைக் கை நிறைய எடுத்துப் போட்டிருக்கிறேன். இன்னொன்று, பெட்டியில் விரல் நுழையாத ஓட்டைகூட விடக் கூடாது. மழைக்கு முன் கட்டெறும்பு முட்டையோடு குடியேறிவிடும். கோடையில் குளவி மண்கூடு கட்டும். அணில், கிளிக்குக் கேபிள் உறை என்றால் ஏனோ அப்படி ஒரு பிரியம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் இணையம் எங்கிருந்தோ வர வேண்டுமே. நாங்கள் மொத்தமாக வாங்குவது பெரிய நிறுவனங்களின் ஃபைபரில். பாசனத்தில் கடைமடை என்ற நிலை எப்படிப்பட்டது என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: தலைமடையில் யார் மடையைத் திறந்தாலும் அடைத்தாலும் கடைசி வயல்காரன்தான் அனுபவிப்பான். எங்கள் நிலை அதுதான். ஒரு டவரிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாக இழுத்தால், ஒவ்வொன்றும் 99 சதவீதம் நன்றாக ஓடினாலும் கடைசி ஊருக்குக் கிடைப்பது 97 சதவீதம். ஆண்டில் பத்து நாளுக்கு மேல் இருட்டு. 99 என்ற எண்ணே ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் நிற்கும் என்பதன் மரியாதையான வடிவம்தான்.

இதற்கு மாற்று, இரண்டு வழி வைத்துக்கொள்வது. ஒன்றையொன்று சாராத, ஒவ்வொன்றும் 99 சதவீதம் ஓடும் இரண்டு வழிகள் இருந்தால் சேர்ந்து 99.99 ஆகும், ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தடை. கணக்கில் ‘ஒன்றையொன்று சாராத’ என்பதுதான் பொறி. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இரண்டு ரசீதும் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. வண்டியை எடுத்துக்கொண்டு கேபிள் போகும் வழியைத் தொடர்ந்து போனால், ஒரே ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பாலத்து வேலைக்கு வந்த இயந்திரம் இரண்டையும் சேர்த்து அறுத்திருந்தது. டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் ஆறு குறுக்கிடும், ஆற்றைத் தாண்ட ஒரே பாலம்தான் இருக்கும். இப்போதெல்லாம் இணைப்பு வாங்கும்முன் விலையைக் கேட்பதற்கு முன்னால், எந்தப் பாலம் வழியாக வருகிறீர்கள் என்று கேட்கிறேன். விற்பனைக்கு வருகிற பையன்கள் விழிக்கிறார்கள். ஒரு வழி நீடாமங்கலம் பக்கமிருந்தும் இன்னொன்று திருவாரூர்ப் பக்கமிருந்தும் வந்தால்தான் எனக்கு இரண்டு வழி. பாலம் தேவைப்படாமல் ஆற்றைத் தாண்டுவது என் ரேடியோ மட்டுமே.

தரையில் கேபிளுக்கு இருக்கும் எதிரிகளுக்கும் பருவம் உண்டு. சித்திரை, வைகாசியில், மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன் தூர்வாரும் வேலை. கரையோரம் புதைத்த கேபிள் பொக்லைன் பல்லில் மாட்டாமல் தப்பினால் அதிர்ஷ்டம். அறுவடைக் காலத்தில் வைக்கோல் லாரி. வீட்டுக் கூரையைவிட உயரமாக அடுக்கிக்கொண்டு வந்து தெருக்கம்பியை அப்படியே இழுத்துப் போய்விடும். திருவிழாவில் தேர். தேரோடும் வீதியில் குறுக்குக் கம்பிகளை முன்னதாக இறக்கிக் கொடுத்துவிட வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. எங்கள் ஊர்த் தேர் அதில் சிறு பங்கு, ஆனால் இணையத்துக்காக அது குனியப்போவதில்லை. தேர் நிலைக்கு வரும்வரை நான்கு வீதிக்கும் ரேடியோ இணைப்புத்தான் ஓடும்.

இனி வாடிக்கையாளர். நம்பகமான இணைப்புக்கு நான் செய்யும் மிக முக்கியமான வேலை சிலருக்கு இணைப்பு மறுப்பது. கேட்டால் திமிர் என்பார்கள். ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து அலை அனுப்பும் செக்டர் ஆன்டெனா ஒன்றின் கீழ் முப்பது வீடு இருந்தால், அந்த முப்பதும் ஒரே நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். சிக்னல் நன்றாக உள்ளவர் ஒரு காணொலித் துண்டை நொடியின் சிறு பகுதியில் வாங்கிக்கொண்டு விலகிவிடுவார். தோப்புக்குப் பின்னால் இருப்பவருக்கு அதே துண்டு பத்து மடங்கு நேரம் எடுக்கும். அந்த ஒரு வீட்டால் மீதி இருபத்தொன்பது வீடும் மெதுவாகும். யாருக்கும் காரணம் புரியாது.

எனக்கு மாமா முறையாகும் ஒரு பெரியவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோப்புக்குள் வீடு. பேரனுக்கு நீட் பயிற்சி வகுப்பு இணையத்தில். “ஏதோ கொஞ்சம் வந்தால் போதும், மாட்டிவிட்டுப் போ” என்றார். ஏதோ கொஞ்சம் வருவதுதான் ஆபத்து என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மாட்டவில்லை. இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஆற்றங்கரை மேட்டிலிருந்த அவருடைய மோட்டார் கொட்டகை மேல் கம்பம் நட்டு, அங்கிருந்து தோப்புக்குள் கேபிள் இழுத்துக் கொடுத்தோம். செலவு கொஞ்சம் கூடியது. செக்டர் பிழைத்தது.

நெரிசல் நேரமும் இங்கே வேறு மாதிரி. நகரத்தில் இரவு எட்டு மணி என்பார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். ஆகவே மாலை ஏழுக்கு ஒரு அலை, இரவு பதினொன்றுக்கு ஒரு அலை. வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, இரண்டையும் விஞ்சுகிற ஒரு அலை. அந்த நேரத்தில் டவரில் கை வைக்கிற எந்தப் பராமரிப்பு வேலையையும் நான் அனுமதிப்பதில்லை.

காணொலி அழைப்பில் வேகத்தைவிடத் தாமதம்தான் விஷயம். வீட்டில் ஒருவர் பெரிய கோப்பு இறக்கினால் தரவு காத்து நிற்கும் வரிசை நீண்டு, பின்னால் வரும் சின்னச் சின்னக் குரல் துண்டுகள் அதில் சிக்கிக்கொள்ளும். வேகப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். அம்மாவின் குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். இந்த நோயைக் கண்டுபிடித்து மருந்தும் எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வரிசையை நீளவிடாமல் காக்கும் ‘எஃப்க்யூ-கோடல்’ முறை 2018இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆவணமாகவே வந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய டேவ் டாட் 2025 ஏப்ரலில் மறைந்தார். அதே முறையை ஒரு சாதாரணக் கணினியில் லினக்ஸ் போட்டு நுழைவாயிலில் வைத்த பிறகு, கூடுதல் இணையத் திறன் ஒரு துளிகூட வாங்காமல், வெள்ளிக்கிழமை புகார்கள் வெகுவாகக் குறைந்தன. கருவிக்குச் செலவிட்ட பணத்தில் இவ்வளவு பலன் கொடுத்தது வேறொன்றும் இல்லை.

பக்கத்து ஊர்களில் என்னைப் போலவே இன்னும் சிலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். உரிமம் தேவையில்லாத அலைவரிசை என்றால் யாரும் யாரையும் தடுக்க முடியாது என்று பொருள். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார், கடைசியில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. நாங்கள் தைக்குப் பிறகு ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து, எந்தத் திசையில் யாருக்கு எந்தச் சேனல் என்று பேசி எழுதிக்கொள்கிறோம். தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சிய ஊர் இது, இந்தப் பேச்சு யாருக்கும் புதிதல்ல. சண்டை வருவதும் புதிதல்ல.

கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. நான் அதை வரவேற்கிறேன், எனக்கு அதனால் இன்னொரு தலைமடை கிடைக்கும். கடைத்தெருவிலும் பெரிய தெருக்களிலும் நானே ரேடியோவைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வயலுக்கு நடுவே மூன்று வீடு உள்ள திடல்களுக்கும், பருவத்துக்கு மட்டும் திறக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் யாரும் குழி தோண்டப் போவதில்லை. அங்கே டிஷ்தான்.

அந்த மாமா சென்ற வாரம் கடைக்கு வந்தார். “ஃபைபர் எங்கள் கரைக்கும் வருகிறதாமே, உன் கம்பத்தைப் பிடுங்கிக்கொள்வாயா?” என்றார். பிடுங்க வேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பொக்லைன் வரும் மாதத்தில் ஃபைபர் அறுந்தால் ரேடியோ தானாக எடுத்துக்கொள்ளும், மாதம் கூடுதலாக நூறு ரூபாய் என்றேன். அறுந்தால்தானே வேலை, அறுகிற மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொள் என்றார். ஐம்பதில் முடிந்தது.